நாலு கால் உலோகப் பொத்தான்: வாசகர் கேள்வி–பதில்

செமிகண்டக்டர் சென்சார் தொழில் தலையெடுத்த காலத்தில் அதில் உழைத்து மறைந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்கள் "எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்" என்றுதான் தொடங்குகின்றன. அவர் விட்டுப்போன டப்பா, நோட்டு, பாட்டில் பற்றித்தான் கேள்விகளும். ஆகவே இந்த முறை ஆட்களையும் கருவிகளையும் பிரிக்காமலே பதில் எழுதியிருக்கிறோம்.

என் கணவர் வெளியூரில் பிரஷர் சென்சார் தயாரிக்கும் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தார். தை மாசம் தவறிவிட்டார். அவர் மேசை இழுப்பறையில் சட்டைப் பொத்தான் அளவில், நாலு கால் வைத்த உலோக வில்லைகள் முப்பது நாற்பது கிடக்கின்றன. எடைக்குப் போட மனசு வரவில்லை. இவை என்ன? இன்னும் வேலை செய்யுமா?
– வாசகி, திருநகர்

அம்மா, எதையும் வெளியே எடுப்பதற்கு முன்னால் இழுப்பறையை இருக்கிறபடியே போனில் படம் எடுங்கள். எந்த டப்பா எதன் பக்கத்தில் இருந்தது, எந்தச் சீட்டு எதன் மேல் ஒட்டியிருந்தது என்பதும் தகவல்தான். அனலாக் சர்க்யூட் வடிவமைப்பில் பேர்பெற்ற ஜிம் வில்லியம்ஸ் 2011 ஜூனில் இறந்தபோது, சாமான் குவிந்து கிடந்த அவருடைய வேலை மேசையை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே கொண்டுபோய் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அந்தக் குவியலைப் பார்த்தாலே அவர் வேலை செய்த விதம் தெரியும்.

இனி வில்லை. மூடியில் ஊசித்துளையோ மெல்லிய குழலோ இருந்தால் பெரும்பாலும் பிரஷர் சென்சார்தான். உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சிலிக்கான் சில்லு இருக்கும். அதன் நடுப்பகுதியைப் பின்பக்கமாக அரித்து, தலைமுடியை விட மெலிசான சவ்வாக்கி இருப்பார்கள். சவ்வின் ஓரங்களில் நாலு ரெசிஸ்டர்கள், நாலும் சேர்ந்து ஒரு வீட்ஸ்டன் பிரிட்ஜ், அதாவது சின்ன மின்தடை மாற்றத்தையும் வோல்ட்டேஜாகக் காட்டும் சதுர இணைப்பு. அழுத்தம் பட்டுச் சவ்வு வளைந்தால் இரண்டு ரெசிஸ்டர் ஏறும், இரண்டு இறங்கும்.

நாலு காலில் எது சப்ளை, எது அவுட்புட் என்று எழுதியிருக்காது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கால்களுக்கு 1, 2, 3, 4 என்று பேர் வைத்து இரண்டிரண்டாக அளந்தால் ஆறு ரீடிங் வரும். பிரிட்ஜின் ஒவ்வொரு கையும், அதாவது ஒவ்வொரு ரெசிஸ்டரும், 4 கிலோஓம் என்றால், எதிரெதிர்க் கால்களுக்கு நடுவே 4 கிலோஓம் காட்டும். இப்படி இரண்டு ஜோடி. பக்கத்துக் கால்களுக்கு நடுவே அதில் முக்கால் பங்கு, அதாவது 3 கிலோஓம். இப்படி நாலு ஜோடி. கூடுதலாகக் காட்டும் இரண்டு ஜோடியில் ஒன்று சப்ளை, மற்றது அவுட்புட். ஒரு ஜோடி மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராமல் தனியாக நின்றால், வெப்பநிலைச் சரிக்கட்டலுக்காக உள்ளே வேறு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்; பெரும்பாலும் அந்த ஜோடிதான் சப்ளை.

ஆறு ரீடிங்கும் 4, 4, 4, 8, 8, 12 என்று வந்தால் ஒரு கை அறுந்துவிட்டது. 12 காட்டும் ஜோடிக்கு நடுவில்தான் அறுப்பு. பழைய சென்சார்களில் தங்கக் கம்பி அலுமினியத் தடத்தில் ஒட்டியிருக்கும் இடத்தில் இது அதிகம். நெடுநாள் சூட்டில் இரண்டு உலோகமும் கலந்து ஊதா நிறக் கலவை ஒன்று உண்டாகி, ஒட்டு நொறுங்கிப்போகும். மீட்டர் முனைகளை மாற்றிப் பிடித்தால் ரீடிங் மாறுகிறது என்றால், ஒரு கால் சிலிக்கானின் அடித்தளத்துக்கே போகிறது என்று அர்த்தம். அது பழுதில்லை.

பிரிட்ஜ் நன்றாக இருந்தால் தண்ணீர்க் குழாயில் சோதிக்கலாம். 6 மில்லிமீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மூன்று மீட்டர் வாங்கி, யூ வடிவில் சுவரில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் டி ஜாயின்ட் போட்டு, ஒரு கிளையில் சென்சார், மறு கிளையில் 10 மில்லி ஊசியில்லாத சிரிஞ்ச். சப்ளை காலுக்கு இரண்டு பென்சில் பேட்டரி, அதாவது 3 வோல்ட். அவுட்புட்டில் மில்லிவோல்ட் மீட்டர். சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் தண்ணீர் ஏறும். இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10.2 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்துவிட்டு "சென்சார் இரட்டிப்பாகக் காட்டுகிறது" என்பவர்கள் உண்டு. வித்தியாசத்தைத்தான் அளக்க வேண்டும்.

ஓர் உதாரணம்: மோட்டோரோலாவின் எம்பிஎக்ஸ்10 வகைச் சென்சார் 3 வோல்ட்டில் 10 கிலோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 35 மில்லிவோல்ட் தரும். 51 சென்டிமீட்டர் வித்தியாசத்தில், அதாவது 5 கிலோபாஸ்கலில், ஆரம்ப ரீடிங்கை விட 17 அல்லது 18 மில்லிவோல்ட் கூட வர வேண்டும். அழுத்தமே இல்லாதபோது 20 மில்லிவோல்ட் காட்டினால் பயப்படாதீர்கள், அந்த வகைக்கு அது இயல்பு. ஏறும்போது ஐந்து, இறங்கும்போது ஐந்து ரீடிங் எடுத்து ஒப்பிடுங்கள். வாயால் ஊத வேண்டாம், மூச்சின் ஈரம் சில்லில் போய்ப் படியும்.

தேறியதைத் தனியே, தேறாததைத் தனியே போடுங்கள். தேறாததையும் எறிய வேண்டாம். ஏன் கெட்டது என்று அவர் சீட்டில் எழுதியிருந்தால், பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு நல்ல சென்சாரை விட அது பெரிய பாடம்.

அப்பாவின் பழைய நோட்டில் பக்கம் பக்கமாக "24, 26, 21, 27" என்று எண்கள். மேலே "டபிள்யூ–7, கேஓஎச், 80 டிகிரி" என்று இருக்கிறது. வேறு விளக்கமே இல்லை. இதை வைத்திருப்பதில் பயன் உண்டா?
– வாசகர், சோழவந்தான்

அவசியம் வைத்திருங்கள். அது ஏழாவது சிலிக்கான் வேஃபரின் (சில்லுகளை வெட்டியெடுக்கும் தகடு) கணக்கு. கேஓஎச் என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்தக் கரைசல் சிலிக்கானை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வீதம் அரிக்கும். அரிக்கும்போது குழியின் சுவர் செங்குத்தாக இறங்காமல் 54.7 டிகிரியில் சாய்ந்து இறங்கும். சிலிக்கான் படிகத்தின் கட்டமைப்பு அப்படி. 400 மைக்ரான் தடிமன் உள்ள வேஃபரில் 25 மைக்ரான் சவ்வு வேண்டுமென்றால் 375 மைக்ரான் அரிக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மில்லிமீட்டர் சவ்வுக்குப் பின்பக்கம் திறக்க வேண்டிய சன்னல் 1.53 மில்லிமீட்டர்.

அந்த 24, 26, 21, 27 எல்லாம் அரித்து முடித்தபின் மிஞ்சிய சவ்வின் தடிமன், மைக்ரானில். சவ்வில் ஏறும் தகைவு, அதாவது அவுட்புட்டைத் தீர்மானிக்கும் உள்விசை, தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 25க்குப் பதில் 20 மைக்ரான் ஆகிவிட்டால் அவுட்புட் 56 சதவீதம் எகிறும். வேஃபரின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஐந்தாறு மைக்ரான் வித்தியாசம் இருந்தாலே, ஒரே வேஃபரில் பிறந்த சென்சார்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. போரானை அடர்த்தியாக ஏற்றி அரிப்பைத் தடுக்கும் முறை எல்லா இடத்துக்கும் வந்து சேராத காலத்தில், கடிகாரத்தையும் கரைசலின் சூட்டையும் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். இரண்டு டிகிரி கூடினாலே கணக்குத் தப்பும். உங்கள் அப்பா ஒவ்வொரு வேஃபராக அளந்து எழுதியிருக்கிறார் என்றால், எங்கே எவ்வளவு தப்பியது என்று அறிந்து அடுத்ததைத் திருத்தியவர் அவர்.

நோட்டைக் காப்பது இப்படி: எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐ, வரைபடங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து இருந்தால் கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். லேமினேஷனும் கூடாது. நடுவில் வழவழப்பான ரெக்கார்டர் தாள் செருகியிருந்தால் அதைத்தான் முதலில் படம் பிடிக்க வேண்டும். சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் நம் ஊர் வெயிலில் தானே வெளுத்துவிடும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். ராமபாணப் பூச்சிக்கு இடம் தராமல், உலர்ந்த டிரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து உலர்த்தி மறுபடி போடலாம்.

பாடப்புத்தகத்தில் கம்பெனிப் பெயர்கள்தான் வருகின்றன. முதலில் இதைச் செய்த ஆட்கள் யார்?
– பொறியியல் மாணவி, திருப்பரங்குன்றம்

நியாயமான குறை. எல்லோரையும் இந்தப் பக்கத்தில் அடக்க முடியாது. செய்த வேலையோடு சேர்த்துச் சிலரைச் சொல்கிறோம்.

நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். கலீனா (ஈயத் தாது) படிகத்தை வைத்து மின்னலைகளைக் கண்டறியும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். டிரான்சிஸ்டர் பிறக்க இன்னும் 43 வருஷம் இருந்தது.

இன்றைய பிரஷர் சென்சார்களுக்கு வேர் சார்லஸ் ஸ்மித். பெல் ஆய்வகத்தில் ஜெர்மானியம், சிலிக்கான் படிகங்களை வெவ்வேறு திசையில் குச்சிகளாக வெட்டி, இழுவிசை கொடுத்து, மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளந்து 1954இல் வெளியிட்டார். இழுவையை மின்தடை மாற்றமாகக் காட்டும் உலோக ஸ்ட்ரெயின் கேஜின் காரணி, அதாவது நீளம் ஒரு பங்கு மாறினால் மின்தடை எத்தனை பங்கு மாறும் என்ற எண், 2. சிலிக்கானில் அது 100க்கு மேல் போனது. பி வகைச் சிலிக்கானுக்கு அவர் கொடுத்த 138.1 என்ற எண்ணைத்தான் (பாஸ்கலுக்கு, 10இன் அடுக்கு −11) இன்றும் வடிவமைப்பாளர்கள் முதலில் எடுக்கிறார்கள். திசை மாறினால் எல்லாம் மாறும்: பி வகையில் 110 திசையில் (110, 100 என்பவை படிகத்தின் திசைகளுக்கு வைத்த எண்பெயர்கள்) ரெசிஸ்டர் வைத்தால் கிடைப்பதில், 100 திசையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இங்கே ஒரு நினைப்பு வருகிறது. வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன் சென்சார் தொழிலைச் சேர்ந்தவரல்லர். ஆனால் படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை மாறுவதை நுட்பமாக அளந்தவர். நீங்கள் படிக்கிற ஊருக்கு இந்த வித்தை அந்நியமில்லை.

ஸ்மித்துக்குப் பிறகு கேஜைச் சவ்வில் பசை போட்டு ஒட்டினார்கள். பசை சூட்டில் நழுவும், அழுத்தம் போனபின்னும் பழைய இடத்துக்கு வராது. 1962இல் ஹனிவெல்லின் டஃப்டி, சாப்மன், லாங் மூவரும் ரெசிஸ்டரைச் சிலிக்கான் சவ்வுக்குள்ளேயே விரவச் செய்து பசையை ஒழித்தார்கள். அடுத்த தலைவலி, சில்லை எதன்மேல் உட்கார வைப்பது. 1969இல் வாலிஸ், பொமரான்ட்ஸ் இருவரும், 400 டிகிரி அளவுச் சூட்டில் சில நூறு வோல்ட் கொடுத்தால் கண்ணாடியும் சிலிக்கானும் பசையில்லாமல் ஒட்டும் என்று காட்டினார்கள். கண்ணாடியில் உள்ள சோடியம் அயனிகள் ஒட்டும் முகத்தை விட்டு விலகிப்போக, அங்கே உருவாகும் மின்புலம் இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. நடுவில் ஒரு தூசு மாட்டினால் அதைச் சுற்றி ஒட்டாத வட்டம் நிற்கும், கண்ணாடி வழியே வானவில் நிறத்தில் தெரியும். கண்ணாடியும் சிலிக்கானைப் போலவே விரிந்து சுருங்குகிற வகையாக இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடியை வைத்து முயன்றால் ஆறும்போது விரிசல் விடும்.

வெஸ்டிங்ஹவுஸின் ஹார்வி நேதன்சன் 1960களிலேயே சிப்பின் மேல் அதிரும் உலோகத் தகடு ஒன்றை அமைத்துவிட்டார். இன்று போனுக்குள் இருக்கிற மெம்ஸ் (சில்லிலேயே அசையும் நுண் உறுப்பு) சென்சார்களுக்கு அது மூத்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஏஞ்சலும் ராய்லன்ஸும் 1979இல் சிலிக்கானை அரித்தே, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி செய்தார்கள். வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969இல் ஒளியைப் படமாக்கும் சிசிடி சில்லைக் கண்டார்கள், 2009இல் நோபல் பெற்றார்கள். பாயில் 2011இல் மறைந்தார்.

வெப்பநிலைச் சென்சார் பக்கம் பாப் பீஸ். நேரடியாக ஃபாரன்ஹீட்டில் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம்34 பற்றி 1984இல் எழுதியவர் அவர். நண்பர் ஜிம் வில்லியம்ஸின் நினைவுக் கூட்டத்துக்குப் போய்விட்டு, 2011 ஜூன் 18 அன்று தன் பழைய ஃபோக்ஸ்வேகனில் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தார். ஒரே வாரத்தில் இரண்டு பேர். அந்தத் துறையில் இருந்தவர்கள் இன்றும் அந்த ஜூன் மாதத்தைத் துக்கத்தோடுதான் பேசுகிறார்கள்.

"டிரான்ஸ்மிட்டர் மூக்கில் விரல் வைக்காதே" என்று எங்கள் பழைய ஃபோர்மேன் சொல்வார். அவர் போய்விட்டார், காரணம் கேட்டு வைக்கவில்லை.
– கருவிப் பிரிவு ஊழியர், கப்பலூர்

பிரஷர் டிரான்ஸ்மிட்டர் என்பது ஆலைக் குழாயின் அழுத்தத்தை அளந்து தூரத்துக்குச் சொல்லும் கருவி. அந்த மூக்கு 316எல் ஸ்டெயின்லெஸ் தகடு, சில பத்து மைக்ரான்தான் கனம். அதன் பின்னால் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பி, எண்ணெய்க்குள் சிலிக்கான் சில்லு. பாய்லர் நீராவியும் சாயப்பட்டறைத் தண்ணீரும் சில்லைத் தொடாமல் இருக்க இந்த ஏற்பாடு. விரலால் அழுத்தினால் தகட்டில் பள்ளம் விழும், எண்ணெயின் அழுத்தம் நிரந்தரமாக மாறும், ஜீரோ தள்ளிப்போகும். அந்தப் பள்ளத்தை நிமிர்த்த வழியில்லை. படிந்த உப்பை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவது அதைவிட மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து மென்மையான தூரிகையால் தடவி எடுங்கள்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: கேபிளுக்கு மெக்கர் (உயர் வோல்ட்டேஜில் இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடும் முன் டிரான்ஸ்மிட்டரைக் கழற்று. 500 வோல்ட் உள்ளே போனால் சில்லில் ரெசிஸ்டரைப் பிரித்து வைத்திருக்கும் பி–என் சந்தி நொடியில் போய்விடும். வெளியே கருகல் எதுவும் தெரியாது, காலையில் பார்த்தால் ரீடிங் உச்சியில் நிற்கும்.

கத்திரி வெயிலுக்கும் ஒரு குறிப்பு. நிலையான வோல்ட்டேஜில் ஓடும் சரிக்கட்டாத சிலிக்கான் பிரிட்ஜின் உணர்திறன் டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் குறையும். காலை 27 டிகிரியில் காலிபரேஷன் செய்து மதியம் 40இல் பார்த்தால் 2.6 சதவீதம் குறைவாகக் காட்டும். நிலையான கரன்ட் கொடுத்தால், மின்தடை ஏறுவதால் வோல்ட்டேஜும் ஏறி, பெரும்பகுதி சரியாகிவிடும்.

சித்தப்பாவின் அறையில் பிளாஸ்டிக் பாட்டில்களும், பாதரசம் உள்ள கண்ணாடிக் குழாயும் இருக்கின்றன. கழிவறையில் ஊற்றிவிடலாமா?
– வாசகர், கே.புதூர்

கூடவே கூடாது. பாட்டிலில் எச்எஃப் அல்லது பிஓஇ என்று இருந்தால் அது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். சிலிக்கான் மேல் உள்ள ஆக்சைடைக் கரைக்கப் பயன்பட்டது. மூடியைத் திறக்க வேண்டாம். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்து, பிள்ளைகள் எட்டாத நிழலான இடத்தில் விடுங்கள். கண்ணாடியிலோ உலோகத்திலோ மாற்றக் கூடாது, இரண்டையும் தின்னும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையிலோ கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

ஒரு சொட்டு மேலே பட்டாலும் உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கிடைத்தால் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமிலத்தின் பேரைச் சொல்லிக் காட்டுங்கள். நீர்த்த அமிலம் என்றால் பட்டவுடன் வலிக்காது, மணிக்கணக்கில் கழித்து வலிக்கும். அதற்குள் எலும்பு வரை இறங்கியிருக்கும்.

பாதரசக் குழாய் பழைய மேனோமீட்டர், அதாவது அழுத்தம் அளக்கும் கருவி. கொட்டிவிட்டால் சன்னலைத் திறந்து, கையில் உள்ள தங்க நகைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு தடித்த அட்டையால் குண்டுகளைச் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் வையுங்கள். துடைப்பமும் வேக்கம் கிளீனரும் பாதரசத்தைப் பொடியாக்கி அறை முழுக்கப் பரப்பிவிடும். வெள்ளைப் பீங்கான் துண்டுகளில் பிஇஓ என்று எழுதியிருந்தால் உடைக்கவோ உரசவோ வேண்டாம். பெரிலியம் ஆக்சைடு அது, தூள்தான் ஆபத்து.

சென்சாரின் கால்கள் தங்கமாய் மின்னுகின்றன. உருக்கலாமா?
– வாசகர், தெற்குமாசி வீதி

மேல்பூச்சுதான். அதை எடுக்க வேண்டிய ராஜதிராவகத்தின் விலையும் புகையும் தங்கத்தை மிஞ்சும். விட்டுவிடுங்கள்.

வீட்டில் காஸ் அலாரம் மாட்டினோம். ஒவ்வொரு தாளிப்புக்கும் கத்துகிறது. இதைக் கண்டுபிடித்தவர் யார், எப்படிச் சரி செய்வது?
– வாசகி, மேலூர்

நவோயோஷி தகுச்சி என்ற ஜப்பானியர். வீடுகளில் காஸ் கசிந்து வெடிக்கும் விபத்துகளைத் தடுக்க, டின் ஆக்சைடு சென்சாருக்கு 1962இல் காப்புரிமை கோரினார். இன்றும் டிஜிஎஸ் என்ற வரிசைப் பேரில் முதல் எழுத்து அவருடையது. கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்கியூ வரிசையும் அதே தத்துவம்தான்: ஹீட்டரால் சூடேறிய டின் ஆக்சைடு மேல் காற்றின் ஆக்சிஜன் ஒட்டி மின்தடையை ஏற்றி வைத்திருக்கும். காஸ் வந்தால் அந்த ஆக்சிஜன் எரிந்து மின்தடை சரியும்.

எல்பிஜி காற்றை விடக் கனம், அதனால் அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சிலிண்டர் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே மாட்டினால் தாளிப்புப் புகையும் சாராய ஆவியும்தான் போய்ச் சேரும். ஹீட்டருக்குச் சரியாக 5 வோல்ட் வேண்டும். எம்கியூ–2 சுமார் 33 ஓம், ஆகவே 150 மில்லிஆம்பியர் இழுக்கும். மலிவான அடாப்டரில் 4.5க்கு இறங்கினால் உணர்திறன் கெடும். புதிதாக மாட்டியதும் முதல் 24 முதல் 48 மணி நேர ரீடிங்கை நம்பாதீர்கள். சமையல் மேடை ஓரத்தில் புதிதாகச் சிலிக்கோன் பசை பூசினால் அலாரத்தைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். அந்த ஆவி ஆக்சைடை மூடிவிட்டால் சென்சார் மீளாது, அலாரம் சத்தமே போடாமல் சும்மா இருக்கும். தாளிப்புக்குக் கத்துவதைவிட இதுதான் பயப்பட வேண்டிய பழுது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் மறைந்த தோழர்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம். எல்லாக் கட்டுரையும் "நல்லவர், பண்பாளர்" என்றே வருகிறது.
– வாசகர், ஆரப்பாளையம்

கேள்வியை மாற்றுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் பண்பாளர் என்றுதான் பதில் வரும். "காலையில் வந்ததும் முதலில் எந்த மெஷினைப் பார்ப்பார்? எந்தப் பழுதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பார்? எதை வைத்து?" என்று கேளுங்கள். வருஷம் நினைவில்லை என்பவரிடம் ஊர் நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள்: 1981 ஜனவரியில் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்ததே, அதற்கு முன்னாலா பின்னாலா? ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தி, போனை மடித்த துண்டின் மேல் வைத்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். அளவும் தேதியும் வந்தால் இன்னொருவரிடம் சரிபார்க்காமல் அச்சேற்ற வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்று. கம்பி ஒட்டும் பிரிவில் இருந்த பெண்களின் பேர்களை மலரின் முன்பக்கத்தில் போடுங்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, 25 மைக்ரான் தங்கக் கம்பியை நாளெல்லாம் ஒட்டியவர்கள் அவர்கள். இழுத்துப் பார்க்கும் சோதனையில் அந்தக் கம்பி குறைந்தது 3 கிராம் விசை தாங்க வேண்டும். நடுக்கம்பி அறுந்தால் ஒட்டு நல்ல ஒட்டு, வேரோடு பெயர்ந்தால் மெஷினின் சூடோ அழுத்தமோ தப்பு. இதைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்களின் பேர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வரவில்லை. சம்பளப் பதிவேட்டில் இருக்கும், அங்கே தேடுங்கள்.

தாத்தா விட்டுப்போன சென்சார் ஒன்று அழுத்தம் இல்லாதபோதும் 97 மில்லிவோல்ட் காட்டுகிறது. கெட்டுப்போனதா? பேரன் பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்கிறான்.
– வாசகர், வத்தலக்குண்டு

கெடவில்லை. 100 கிலோபாஸ்கலுக்கு 100 மில்லிவோல்ட் தரும் அப்சல்யூட் வகையாக இருக்கும். சில்லுக்குப் பின்னால் வெற்றிடத்தை அடைத்து மூடியிருப்பதால், உங்கள் ஊர்க் காற்றின் அழுத்தத்தையே காட்டுகிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறுங்கள். ஒரு பேட்டரிப் பெட்டி, ஒரு மீட்டர் போதும். மேலே போய்ச் சேரும்போது 79க்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். காது அடைக்கிற இடங்களில் எல்லாம் ஒரு ரீடிங் எழுதச் சொல்லுங்கள். மலைக்குளிரில் சென்சார் ஆறினால் ரீடிங் தானாக நகரும், அதனால் அதைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கட்டும். பேட்டரி வோல்ட்டேஜையும் ஒவ்வொரு முறையும் அளக்கட்டும். அது ஒரு சதவீதம் இறங்கினால் அவுட்புட்டும் ஒரு சதவீதம் இறங்கும். திரும்பி வத்தலக்குண்டில் இறங்கியதும் கடைசி ரீடிங். காலையில் பார்த்த எண்ணுக்கு அரை மில்லிவோல்ட்டுக்குள் வந்துவிட்டால், இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெற்றிட அடைப்பு கசியவில்லை. தாத்தாவின் நோட்டில் வெற்றுப் பக்கம் மிச்சம் இருந்தால், தேதியும் இடமும் போட்டு அதிலேயே எழுதட்டும்.